நினைவுப் பதக்கங்களும் அரசியல் பிரச்சாரமும்: மதுரைச் சேகரிப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

மேலூர் வாசகர்: அண்ணே, பழைய பாத்திரக் கடையில் சிங்கம் புலியை அமுக்கும் பதக்கம் கிடைத்தது. 1799 என்று போட்டிருக்கிறது. எதைச் சொல்கிறது?

கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் கொடுத்த ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கம். 1799 மே 4 திப்பு வீழ்ந்த நாள். புலி அவர் சின்னம், சிங்கம் பிரிட்டன். மேலே பறக்கும் கொடியைக் கவனியுங்கள்: 'இறைவனின் சிங்கமே வெல்லும்' என்ற அரபுத் தொடர். திப்பு தன் ஆயுதங்களில் பொறித்த தொடரும் அதுதான்! தோற்றவனின் முழக்கத்தையே வென்றவன் வாயில் வைத்தார்கள். பிரச்சாரத்தில் இதைவிடக் கூர்மை அரிது. உயர் அதிகாரிகளுக்குத் தங்கம், சிப்பாய்களுக்குத் தகரம். படிநிலையையும் பதக்கமே அறிவித்தது.

திருமங்கலம் வாசகர்: அசலா என்று எப்படிப் பார்ப்பது?

பர்மிங்காம் சோஹோ ஆலையில் அடித்தது சுமார் 48 மி.மீ. குறுக்களவு, கல்கத்தாவில் பின்னர் அடித்தது 45. விளிம்பைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சுற்றிலும் கோடு, பரப்பில் பொடிப்பொடியாகக் குழி இருந்தால் அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்த போலி.

வெள்ளி என்று விற்றால் அடர்த்தி பாருங்கள். தெற்காவணி மூல வீதி நகைக்கடைத் தராசு போதும். முதலில் பதக்கத்தை எடை போடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் பதக்கத்தைக் கட்டி முழுக்க முக்குங்கள். எடையை இப்போது தெரியும் எண்ணால் வகுத்தால் வெள்ளிக்கு 10.3-10.5 வரும். 9-க்குக் கீழே என்றால் செம்பு, பித்தளை வகை. பதக்கம் டம்ளரின் அடியில் பட்டாலும் குமிழி ஒட்டினாலும் கணக்குக் குறைத்துக் காட்டும்.

உசிலம்பட்டி வாசகர்: புளி போட்டுத் துலக்கலாமா?

கூடவே கூடாது. அமிலம் மேற்பரப்பை அரித்துவிடும், விலை பாதியாகும். அசிட்டோனில் நனைத்து எடுத்து, பஞ்சில் ஒற்றினால் போதும்.

மதுரை வாசகர்: 1877 விக்டோரியா பதக்கத்தில் என்ன பிரச்சாரம்?

தேதியும் மௌனமும்தான். ஜனவரி 1 டெல்லி தர்பாரில் 'இந்தியப் பேரரசி' பட்டம் அறிவிக்கப்பட்டபோது சென்னை மாகாணம் தாதுவருடப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. பதக்கத்தின் பின்புறம் ஆங்கிலம், பாரசீகம், இந்தியில் பட்டம் மட்டுமே.

இன்னொருவர்: லூசிடானியா பதக்கத்தில் 5-ஆம் தேதி ஏன்?

லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது 1915 மே 7. ஜெர்மானியப் பதக்கக் கலைஞர் கார்ல் கோட்ஸ் தன் பதக்கத்தில் 5 என்று தவறாகப் போட்டார். 'முன்கூட்டியே திட்டமிட்ட கொலை' என்று அதையே சாட்சியாக்கி, பிரிட்டன் சுமார் 3 லட்சம் நகல்களைப் பெட்டியில் போட்டு விற்றது. மாதம் ஆங்கில எழுத்தில் 'மே' என்றிருந்தால் பிரிட்டிஷ் நகல், ஜெர்மனில் 'மாய்' என்றிருந்தால் கோட்ஸ் வடிவம். தேதியைத் திருத்தி 7 என்றும் அவர் வெளியிட்டார்.

அவரே: வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்கு அனுப்பலாமா?

நூறாண்டு கடந்தவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் தடைவிதிக்கிறது. படமெடுத்து அனுப்புங்கள்.