காட்டு மரங்கள் நிலத்தடி நீரைக் கூட்டுமா, குடித்துத் தீர்க்குமா?

மரம் அடர்ந்தால் நிலத்தடி நீர் ஏறுமா, இல்லை இருப்பதையும் மரமே குடித்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மரம் இரண்டையும் செய்கிறது. எது மிஞ்சும் என்பதை மழையும் மண்ணும் மரங்களின் நெருக்கமும் முடிவு செய்கின்றன.

முதலில் குடிக்கும் கணக்கு. மழையில் ஒரு பங்கு இலைகளிலேயே தங்கி, மண்ணைத் தொடாமல் ஆவியாகிவிடும். அப்புறம் வேர் உறிஞ்சுவதில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே வெளியேறும். இது சின்ன அளவு இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் விவசாயத்துக்காக மரங்களை அழித்த பரந்த நிலங்களில், குடிக்க மரமில்லாமல் நிலத்தடி நீர்மட்டம் ஏறி, ஆழத்தில் கிடந்த உப்பையும் மேலே கொண்டுவந்து மண்ணை உவராக்கிவிட்டது.

ஆனால் தண்ணீரை மண்ணுக்குள் விடுவதும் மரம்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வெற்று மண்ணில் மழைத்துளி மோதினால் துகள்கள் சிதறி, நுண்துளைகளை அடைத்து, மேலே ஓடு போலப் படிந்துவிடும். பெய்த மழை வழிந்தோடும். மரத்தடியில் மழைத்துளி மோதும் வேகத்தைச் சருகு வாங்கிக்கொள்கிறது. அதன் கீழே மண்புழுவும் கரையானும் மண்ணைத் துளைத்து வைக்கின்றன. செத்த வேர் மட்கிய இடம் குழாய் போல நிற்கிறது. பெருமழையில் தண்ணீர் அதன் வழியே விறுவிறுவென்று வேர்களைத் தாண்டி இறங்கிவிடும். மரம் குடிப்பதற்குள் நழுவிப்போகும் இந்தத் தண்ணீர்தான் நிலத்தடி நீராகிறது. சந்தேகமிருந்தால், மிதிபட்டு இறுகிய மண்ணில் ஒரு குடம், பழைய மரத்தடியில் சருகை விலக்கி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

சில மரங்கள் இரவில் ஆழத்து ஈரத்தை வேர் வழியே மேலேற்றி, வறண்ட மேல்மண்ணில் கசியவிடுவதும் உண்டு. பக்கத்துச் சிறுசெடிகளும் அதில் பிழைக்கும்.

சரி, எவ்வளவு மரம் வேண்டும்? வறண்ட நாடான புர்க்கினா ஃபாசோவில் செய்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், மரமே இல்லாத நிலத்தையும் அடர்ந்த தோப்பையும்விட, மிதமான இடைவெளியில் மரங்கள் நின்ற நிலத்திலேயே அதிக நீர் ஆழத்துக்கு இறங்குவதாகத் தெரிந்தது. மரம் மண்ணை இளக்கும் வேலை அதன் கிளை நிழலையும் தாண்டி நீள்கிறது. அதனால் சில மரங்களே பெரிய பரப்பைத் திருத்திவிடுகின்றன.

என்னை வருத்துவது, வேகமாக வளரும் ஒரே இன மரத்தை நெருக்கி நட்டுவிட்டு, விழும் சருகையும் கூட்டி அள்ளிப்போவது. குடிக்கும் மரம் அங்கே நிற்கிறது. தண்ணீரை உள்ளே விடும் மண் போய்விடுகிறது.