பிராந்திய இராணுவத்தில் சேர்ந்த தம்பி: சீருடை, டி-சர்ட் ஆர்டர், காகிதங்கள், கம்பெனி வேலை

கேள்வி: நாங்கள் காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் என் தம்பி, கோவையில் உள்ள பிராந்திய இராணுவப் பட்டாலியனில் சேர்ந்து, பயிற்சியை முடித்து ஊருக்கு வந்திருக்கிறான். மாரியம்மன் நோம்பிக்குச் சீருடையோடு வர வேண்டும் என்று ஊரில் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். ஃபிளெக்ஸ் அடிக்கவும் ஏற்பாடு நடக்கிறது. எங்கள் மாமாவின் யூனிட்டுக்கு இராணுவ டிசைனில் டி-சர்ட் ஆர்டர் வந்திருப்பதால், தம்பியின் சட்டையைச் சாம்பிளுக்குக் கேட்கிறார். கம்பெனி முதலாளியோ, "கூப்பிட்டால் போய்விடுவாய், திரும்பி வரும்போது இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது" என்கிறார். இராணுவத்திலிருந்து வந்த காகிதங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்றும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: நோம்பிக்குச் சீருடை வேண்டாம். சட்டையைச் சாம்பிளுக்குக் கொடுக்கவே கூடாது. வேலையைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் தம்பியின் பக்கம் நிற்கிறது. கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, காகிதங்களைப் பற்றி, அதுதான் நான்கிலும் பெரியது. பிராந்திய இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சீருடைக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட நம் பிள்ளைகள் காகிதத்துக்குக் காட்டாததையும், அதனால் பின்னாளில் அவர்களுடைய குடும்பங்கள் அலைந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதில் சற்று நீளமாகவே இருக்கும்.

பிராந்திய இராணுவம் என்பது குடிமக்கள் தங்கள் தொழிலை விடாமல் படைப்பணி செய்வதற்காக 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து நகராட்சித் தலைவராகவும் விளங்கிய இராஜாஜி, கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1949 அக்டோபர் 9 அன்று அதை முறைப்படி தொடங்கிவைத்தார். பெயரளவுக்கான படை அல்ல இது. 1962, 1965, 1971 போர்களில் அதன் பிரிவுகள் பங்கெடுத்திருக்கின்றன. 2025 மே மாதத்தில் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, இருக்கிற 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு அழைக்க வழிசெய்தது. ஆகவே அழைப்பு எப்போதோ வரும் என்று எண்ணாமல், எப்போது வேண்டுமானாலும் வரும் என்ற எண்ணத்தோடு இருப்பதே நல்லது.

சீருடை விஷயத்துக்கு வருகிறேன். பிராந்திய இராணுவ வீரர் பணிக்கு அழைக்கப்பட்டிருக்கும் காலத்திலும் பயிற்சிக் காலத்திலும் முழுமையான படைவீரர். அப்போது சீருடை அணிவது அவருடைய கடமை. பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பிய பிறகு, பட்டாலியன் பட்டியலில் பெயர் இருந்தாலும், அன்றாட வாழ்வில் அவர் ஒரு குடிமகன். இடைப்பட்ட காலத்தில் ஒரு நிகழ்ச்சிக்குச் சீருடை அணிய வேண்டுமானால், கமாண்டிங் ஆபீசரிடம் எழுத்து மூலம் முன் அனுமதி பெற வேண்டும். உயிர் நீத்த சக வீரரின் இறுதி மரியாதை, தேசிய நாள் விழா போன்றவற்றுக்கு அப்படிக் கேட்பதில் பொருள் உண்டு; கம்பம் நட்டு ஊரே ஆடுகிற இடத்துக்குக் கேட்பது முறையல்ல. மஞ்சள் நீர் தெளிக்கிற கூட்டத்தில் அந்த உடையின் மரியாதையை யாராலும் காப்பாற்ற முடியாது. வேட்டி சட்டையோடு வரட்டும். ஊர் அவரை அறியாமலா போகும்?

"தோனி சீருடையில் வரவில்லையா?" என்று யாராவது கேட்பார்கள். தோனி 2011-இல் பிராந்திய இராணுவத்தின் பாராசூட் பட்டாலியனில் கௌரவ லெப்டினன்ட் கர்னலாக நியமிக்கப்பட்டவர்; 2018-இல் குடியரசுத் தலைவர் மாளிகையில் பத்ம பூஷண் பெறும்போது சீருடை அணிந்திருந்தார். அது நாட்டின் உயரிய அரசு விழா. அவரே 2019 உலகக் கோப்பையில் கையுறையில் பாராசூட் சிறப்புப் படையின் பலிதான் முத்திரையோடு இறங்கியபோது, சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் தன் விதிகளைக் காட்டி அதை எடுக்கச் சொன்னது. எந்தச் சின்னமும் அதற்குரிய இடத்தில்தான் செல்லும்.

ஃபிளெக்ஸ் எனக்கு உண்மையான கவலையைத் தருகிறது. டிசைன் செய்கிறவர்கள் பெரும்பாலும் இணையத்திலிருந்து யாரோ ஓர் அதிகாரியின் படத்தை எடுத்து, தலையை மட்டும் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த சிப்பாயின் தோளில் கேப்டனுக்குரிய மூன்று நட்சத்திரங்களும், தலையில் பாராசூட் படையின் மெரூன் தொப்பியும், நெஞ்சில் யாரோ பனிமலையில் நின்று பெற்ற பதக்கத்தின் ரிப்பனும் வந்து சேர்ந்துவிடும். நெஞ்சில் இருக்கிற ஒவ்வொரு ரிப்பனுக்கும் ஓர் உத்தரவு எண் உண்டு. அது இல்லாமல் அதைக் காட்டுவது, உண்மையாகவே பெற்றவருக்கு இழைக்கும் அநீதி. வாழ்த்தாமல் இருக்க முடியாதென்றால், சாதாரண உடையில் எடுத்த படத்தைப் போடுங்கள். பட்டாலியன் எண்ணையும் பணியிடத்தையும் அச்சிடாதீர்கள். படம் எடுப்பதற்காக அந்தச் சட்டையை மைத்துனர்மார் மாற்றி மாற்றி அணிந்து பார்ப்பதையும் அனுமதிக்காதீர்கள். படைவீரர் அல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடையை அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நோக்கம் இருந்தால்தான் குற்றம். பள்ளி நாடகத்தில் நடிக்கும் குழந்தைக்கு இதில் பயமில்லை.

மாமாவின் ஆர்டரைப் பற்றி. இப்போதைய போர்க்களச் சீருடை, தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் துணையோடு உருவாக்கப்பட்டு, 2022 ஜனவரி 15 இராணுவ தினத்தன்று அறிமுகமானது. இலை வடிவத் திட்டுகளுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கட்டங்களாக ஆலிவ் பச்சையும் மண் நிறமும் கலந்த அச்சு அது. சட்டையைப் பேண்ட்டுக்குள் செருகாமல் வெளியே விடுவார்கள். அந்த வடிவமும் அச்சும் இராணுவத்தின் பெயரில் பதிவு செய்யப்பட்டவை. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி இந்தப் பாதுகாப்பு பத்து ஆண்டுகளுக்கு உண்டு, மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். அனுமதியில்லாமல் அதைத் தயாரித்தால் தடையாணை, இழப்பீடு என்று வழக்கு வரும். சட்டத்தை விடவும் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் இராணுவ உடையில்தான் வந்தார்கள். அதையடுத்து, இந்த உடைகளைப் பொதுமக்கள் அணியவோ கடைகள் விற்கவோ வேண்டாம் என்று இராணுவம் கேட்டுக்கொண்டது. திருப்பூரில் அச்சாகும் துணி எந்த ஊர்ச் சந்தையில், யார் கையில் போய்ச் சேரும் என்பது தைத்தவருக்குத் தெரியாது.

வெளிநாட்டு பையர்கள் கேட்கிற பொதுவான காமஃப்ளாஜ் அச்சு வேறு. அவரவர் டிசைனுக்கு அவரவர் எழுதிக்கொடுத்த உரிமைக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு செய்யலாம். ஜமைக்கா, பார்படாஸ் போன்ற நாடுகளில் பொதுமக்கள் அந்த அச்சுள்ள உடையை அணிவதே குற்றம் என்பதையும் மாமாவிடம் சொல்லுங்கள்; ஆர்டர் எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்வது அவருக்கும் நல்லது. ஆனால் இந்திய இராணுவத்தின் இப்போதைய அச்சை மேசையில் விரித்து, ஸ்கேன் செய்து, நிறம் பிரித்து ஸ்கிரீன் போடுவதற்குத் தம்பியின் சட்டை போகக் கூடாது. அந்தச் சட்டை அவருடைய சொந்தப் பொருள் போலத் தோன்றினாலும், ஸ்டோரிலிருந்து கணக்கெழுதி வழங்கப்பட்டது. விடுவிக்கும் நாளில் ஸ்டோர் வாசலில் தார்ப்பாய் விரித்து, பட்டியலைப் படிக்கப் படிக்க, பூட்ஸ், பெல்ட், மெஸ் டின், கம்பளி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்வார்கள். குறைந்தால் தொகை பிடித்தம் ஆகும். எப்படிக் குறைந்தது என்ற விசாரணையும் வரும். "மாமா கேட்டார், கொடுத்தேன்" என்பதற்கு அந்த வாசலில் மதிப்பில்லை.

இனி காகிதம். இராணுவத்தில் ஒரு விஷயம் நடந்தது என்பதற்கு அது நடந்தது மட்டும் போதாது. 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் வெளியாகியிருக்க வேண்டும். பணிக்கு அழைக்கப்பட்ட தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, திருமணம், குழந்தை பிறப்பு என எல்லாமே அதில் ஏறினால்தான் கணக்கு. பிராந்திய இராணுவ வீரருக்கு இது வழக்கமான படைவீரரை விடப் பல மடங்கு முக்கியம். அவர் பணிக்கு அழைக்கப்பட்டிருந்த காலங்கள் துண்டு துண்டாக இருக்கும். அந்தத் துண்டுகளைக் கூட்டி 15 ஆண்டு ஆனால்தான் அதிகாரி அல்லாத வீரருக்கு ஓய்வூதியத் தகுதி வரும். ஓர் அழைப்பின் தேதி விட்டுப்போனாலும், இறுதியில் சில நாள் குறைந்து மொத்தமும் நழுவக்கூடும். அந்த ஓய்வூதியத் தகுதியோடுதான் முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் பெரும்பாலும் சேர்ந்து வருகிறது. இரண்டொரு முகாம் போய் வந்ததை வைத்து, அரசுத் தேர்வு விண்ணப்பத்தில் முன்னாள் படைவீரர் என்று குறிக்க வேண்டாம். அது தவறான தகவல் ஆகிவிடும்.

அடுத்தது பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செந்தில்குமார் மு' என்றும், ஆதாரில் 'செந்தில் குமார்' என்று இடைவெளி விட்டும், வங்கியில் 'செந்தில்குமார் முத்துசாமி' என்றும் இருக்கிற ஒருவரை மூன்று பேராகவே அலுவலகம் பார்க்கும். உயிரோடு இருக்கும்போது அவரே போய் விளக்கிவிடலாம். அவர் இல்லாத நாளில் மனைவியோ தாயோ அந்த இடைவெளிக்காகப் பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். படையில் சேரும்போது கொடுத்த பத்தாம் வகுப்புச் சான்றிதழின் எழுத்துக் கூட்டலையே மூலமாக வைத்து, ஆதார், பான், வங்கிக் கணக்கு, திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஓர் எழுத்துகூட மாறாமல் அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள்.

உங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. திருப்பூர் மாவட்டம் 2009-இல்தான் பிறந்தது. அதற்கு முன் காங்கேயமும் தாராபுரமும் ஈரோடு மாவட்டத்தில் இருந்தன, அவிநாசியும் பல்லடமும் உடுமலையும் கோவையில் இருந்தன. தம்பியின் பிறப்புச் சான்றிலும் பழைய சாதிச் சான்றிலும் ஈரோடு என்றும், இப்போதைய இருப்பிடச் சான்றில் திருப்பூர் என்றும் இருக்கலாம். வடநாட்டைச் சேர்ந்த கிளார்க் அதைப் பார்த்து, முகவரி மாறியிருக்கிறது, இவர் குடிபெயர்ந்தவர் என்று குறிப்பெழுதிவிட்டால், அந்தக் குறிப்பை நீக்குவதற்கு ஒரு கோப்பு தனியாக நகர வேண்டும். மாவட்டம்தான் மாறியது, ஊர் மாறவில்லை என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்று வாங்கி, சேர்க்கை ஆவணங்களோடு வைக்கச் சொல்லுங்கள். அதேபோல, அருகிலுள்ள ரயில் நிலையம் என்ற கட்டத்திலும் எல்லாப் படிவத்திலும் ஒரே பெயரை எழுத வேண்டும். காங்கேயத்தில் ரயில் இல்லை. ஓரிடத்தில் ஊத்துக்குளி, இன்னோரிடத்தில் திருப்பூர் என்று எழுதினால், பயண வாரண்ட் (ரயில் டிக்கெட்டுக்காக இராணுவம் தரும் சீட்டு) எழுதும்போது கேள்வி எழும். கோவையிலிருந்தும் தொலைவிலிருந்தும் வரும் வண்டிகள் பலவும் நிற்கிற திருப்பூரையே எழுதுவது வசதி.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை இவைதான்: அழைப்புக் கடிதம், விடுவிப்பு உத்தரவு, ஒவ்வொரு முறையும் வழங்கிய மூவ்மென்ட் ஆர்டரின் (பயண உத்தரவின்) நகல், சம்பளச் சீட்டுகள், தம்மைப் பற்றி வெளியான பார்ட் டூ ஆர்டரின் எண்ணும் தேதியும், மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் அதன் காகிதம். காயம் சிறியது என்று மருத்துவக் காகிதத்தைத் தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். பணியில் ஏற்பட்ட காயம் என்பதற்குப் பின்னாளில் அது ஒன்றே சாட்சி. கோவைப் பட்டாலியன் சார்ந்திருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது; மேட்டுப்பாளையம் வழியாக ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்பது நம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. ஆனாலும் முதலில் பட்டாலியன் கிளார்க்கிடம்தான் கேட்க வேண்டும், எழுத்து மூலம் கேட்க வேண்டும். திருமணம் ஆனதும் வாரிசு நியமனத்தை மாற்றுவதை மட்டும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தம்பிக்கு இன்னும் மணமாகவில்லை என்றால், தாயின் பெயர் அங்கே சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இறுதியாகக் கம்பெனி வேலை. முதலாளியின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏற்றுமதி தேதி நெருங்கும்போது லைனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் நஷ்டம் அவருக்குத்தான். ஆனால் பிராந்திய இராணுவச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு தெளிவாகப் பேசுகிறது. படைப்பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்புகிறவரை, பணி இடைப்படாமல் இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ அதற்குக் குறையாத நிலையில் மீண்டும் சேர்த்துக்கொள்வது வேலை கொடுத்தவரின் கடமை. முடியாது என்றால் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். அவர் மீண்டும் சேர்க்கச் சொல்லவோ, ஆறு மாத ஊதியம் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லவோ முடியும். அழைப்பு வருவதற்கு முன்பே, இந்தக் கடமையைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்தில் வேலையை விட்டு நீக்கினாலும் முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. வருங்கால வைப்பு நிதி உரிமையைக் காக்கவும் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு.

இதில் பலரும் தவறவிடுவது காலக்கெடு. பணி முடிந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள், மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே முதலாளி தம் தரப்பு வாதமாக வைக்கலாம். போனில் சொன்னது, மேனேஜரை டீக்கடையில் பார்த்துச் சொன்னது எதுவும் விண்ணப்பம் ஆகாது. அழைப்பு வந்த அன்றே அதன் நகலைக் கம்பெனியில் கொடுத்து, மறுநகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கட்டும். திரும்பிய வாரத்திலேயே, விடுவிப்பு உத்தரவின் நகலை இணைத்து, இன்ன தேதியில் விடுவிக்கப்பட்டேன், இன்ன தேதி முதல் பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்று இரண்டே வரியில் கடிதம் எழுதி நேரில் கொடுக்கட்டும். அங்கே கையெழுத்துப் போட மறுத்தால், அதே நாளில் அஞ்சலகத்துக்குப் போய், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, ரசீதை அந்தக் கடித நகலோடு சேர்த்து வைக்க வேண்டும்.