சான்றிதழ் நிபந்தனையை எடுத்துவிட்டுப் பாருங்கள்

உங்கள் ஆய்வு அறிவிப்பில் இருக்கும் "மாற்றுத்திறனாளி சான்றிதழ் கட்டாயம்" என்ற வரியை முதலில் தூக்கிவிடுங்கள். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு), ஆட்டிசம், டிஸ்லெக்சியா (வாசிப்பதில், எழுதுவதில் சிரமம்) உள்ள பொறியியல் மாணவர்களைப் பேட்டி எடுக்கக் கூப்பிட்டும் ஒருவர்கூட வரவில்லை என்கிறீர்களே, பெரும்பாலும் அதுதான் காரணம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை. ஆக, நீங்கள் தேடும் மாணவர்களில் பலரிடம் நீங்கள் கேட்கும் காகிதமே இருக்காது. இருப்பவர்களும் கேம்பஸ் இன்டர்வியூ வரும் நேரத்தில் விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து காட்ட மாட்டார்கள். "மருத்துவர் சொல்லியிருந்தாலும் சரி, நீங்களாகவே உணர்ந்திருந்தாலும் சரி" என்று மாற்றிப் போடுங்கள்.

அப்புறம், அறிவிப்பு யார் வழியாகப் போனது? துறைத் தலைவர் (எச்ஓடி) இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் என்றால் யாரும் கை தூக்க மாட்டார்கள். மாணவர் கிளப் வழியாக ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். கேள்விகளை முன்கூட்டியே கொடுத்து, நேரிலா, சாட்டிலா, எழுதியா என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். முன்பின் தெரியாதவர் எதிரில் உட்கார்ந்து சட்டென்று பதில் சொல்வதே சிலருக்குப் பெரும்பாடு.

ஒன்று கவனம். இப்படி வந்தவர்களை வைத்து "இத்தனை சதவீதம் பேருக்கு" என்று எழுத முடியாது, அனுபவத்தை மட்டுமே எழுதலாம். நிபந்தனையை மாற்றுவதற்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். பெயரை மறைத்துவிட்டு "மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவி" என்று போட்டுவிடாதீர்கள், அந்த வகுப்பில் மாணவியே ஓரிருவர்தான் இருப்பார்கள்.