பட்டர் ஃப்ரூட் டோஸ்டில் புரதம் எங்கே?

கேள்வி: ஜிம்மில் புரதம் கூட்டிச் சாப்பிடச் சொன்னார்கள். அதற்காகத் தினமும் காலையில் ஒரு முழு பட்டர் ஃப்ரூட்டை (அவகாடோ) மசித்து, இரண்டு பிரெட்டில் தடவிச் சாப்பிடுகிறேன். இது போதுமா? முட்டை சாப்பிடுவேன், கறி, மீன் கிடையாது. 8 மணி பஸ்ஸைப் பிடிக்கணும், கையில் இருப்பது 10 நிமிடம்தான்.
– ஒரு வாசகி, மதுரை

போதாதும்மா. நல்ல சாப்பாடுதான், ஆனால் புரதச் சாப்பாடு இல்லை. பேரிலேயே ‘பட்டர்’ இருக்கிறதே! 100 கிராம் சதையில் கொழுப்பு 15 கிராம், புரதம் வெறும் 2 கிராம். இதயத்துக்குக் கெடுதல் செய்யாத கொழுப்பு, கூடவே 7 கிராம் நார்ச்சத்து. அந்த வகையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்போது உங்கள் தட்டில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் பிரெட் தருவது. பெரிய பழமென்றால் 300 கலோரியைத் தாண்டிவிடும்.

60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. எடை தூக்குபவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். காலையிலேயே 15–20 கிராம் உள்ளே போய்விட்டால் மதியம் சாம்பார் சாதத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

அதனால் பழத்தைப் பாதியாக்குங்கள். தோசைக்கல்லில் பிரெட் மொறுமொறுப்பாகிற நேரத்தில், அரைப் பழத்தோடு 50 கிராம் பனீரை உதிர்த்துப் போட்டு முள்கரண்டியால் மசியுங்கள். அரை மூடி எலுமிச்சை பிழிந்து, உப்பு, மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கொத்தமல்லி சேர்த்தால் ஆயிற்று. பனீர் 9 கிராம், இரண்டு கோதுமை பிரெட் 6 அல்லது 7, பழம் 1 என்று 16 கிராம் தேறும். பனீருக்குப் பதில் இரண்டு அவித்த முட்டையை நறுக்கி மேலே அடுக்கினால் 20 கிட்ட வரும். எனக்குப் பிடித்தது முந்தின நாள் மிஞ்சிய கொண்டைக்கடலைச் சுண்டல். ஒரு கப்பில் பாதியை மசித்து, மீதியை முழுசாகத் தூவிக்கொள்வேன். மேலே ஒரு ஸ்பூன் வேர்க்கடலைப் பொடி. காசும் குறைவு.

மசித்ததை மட்டும் கல்லில் போட்டுச் சூடு காட்டாதீர்கள், கசந்துவிடும். ‘பிரவுன் பிரெட்’ என்ற பேரையும் நம்பாதீர்கள். பல சமயம் மைதாவுக்குப் பூசிய நிறம்தான் அது. உறையில் முதல் பொருளாக முழுக்கோதுமை மாவு இருக்கிறதா பாருங்கள்.

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமிருந்து வரும் பச்சைத் தோல் பழங்கள் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் காம்புப் பக்கம் லேசாக அழுத்திப் பாருங்கள். காயாக இருந்தால் வாழைப்பழத்தோடு பேப்பரில் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். மிச்சப் பாதியைக் கொட்டையோடு, எலுமிச்சைச் சாறு தடவி, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீரில் மூழ்க வைக்கும் வீடியோக்களைப் பார்த்துச் செய்ய வேண்டாம், தோலில் உள்ள கிருமி உள்ளே இறங்க அது வழி. வெட்டுமுன் தோலைக் கழுவுவதும் அதற்காகத்தான்.

வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் யாராவது இருந்தால் இதை அவருக்கும் செய்து கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பழத்தில் பொட்டாசியம் அதிகம். புரத அளவையும் அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.