மலையேறும்போது அவசரம் வந்தால்...

கேள்வி: அடுத்த மாதம் அலுவலக நண்பர்களோடு போடிக்கு மேலே குரங்கணி மலைக்கு ஒருநாள் நடைப்பயணம் போகிறோம். வழியில் கழிப்பறை கிடையாது என்கிறார்கள். முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதையும் மீறி வந்துவிட்டால் காட்டில் எப்படிப் போவது? அது மாதவிலக்கு நாளாகவும் இருக்கலாம். யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தண்ணீர் குடிக்காமல் மட்டும் மலையேறாதீர்கள், தோழி. என் முதல் சில பயணங்களில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை பாதி ஏற்றத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகு நான்கு நாள் நீர்க்கடுப்பு. வழக்கம்போலக் குடியுங்கள், வந்தால் போங்கள். "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்போம், ஆண்கள் அடுத்த வளைவு தாண்டிப் போய்க் காத்திருக்கட்டும்" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். கூட வரும் மற்ற பெண்களும் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருப்பார்கள்.

அடுத்து இடம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மறைவாக இருக்கிறதே என்று பலரும் ஓடைக்கரைப் பாறைக்குப் பின்னால் ஒதுங்குகிறார்கள். ஒரு மலையில் சுனைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடித்துவிட்டு, பத்தடி மேலே ஏறியதும் நான் பார்த்த காட்சியை இங்கே எழுத மனம் வரவில்லை. குரங்கணிப் பக்கத்து ஓடைகள் கொட்டக்குடி ஆற்றில் சேர்கின்றன. போடிக்காரர்கள் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீர். மிச்சம் வைகையில் கலந்து அணைக்கு வந்து, மதுரையில் உங்கள் வீட்டுக் குழாய் வரைக்கும் வருகிறது. டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் இந்த வழியில் பரவக்கூடியவை. அதனால் தண்ணீரிலிருந்து குறைந்தது 200 அடி, அதாவது ஏறத்தாழ 80 எட்டு தள்ளிப் போங்கள். காய்ந்து கிடந்தாலும் ஓடை ஓடைதான். முதல் மழையில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும்.

ஒன்றுக்கு என்றால் இவ்வளவு போதும். செடியின் மேல் படாமல் வெறும் மண்ணிலோ பாறையிலோ போங்கள். சிறுநீரிலுள்ள உப்புக்காக விலங்குகள் செடியைக் கடித்துக் குதறும்.

இரண்டுக்கு என்றால் குழி தோண்ட வேண்டும். பூந்தொட்டி மண் கிளறும் சின்னக் கரண்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அரை அடியிலிருந்து எட்டு அங்குலம் ஆழம், ஒரு கை அகலம். மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் இலைமக்கு கலந்த மேல்மண்ணில்தான் அதிகம், அதனால் இதைவிட ஆழமாகத் தோண்டினால் மக்குவது தாமதமாகும். மேலாகப் புதைத்தாலோ, பன்றி கிளறிவிடும். நமக்குத் தண்ணீரில் கழுவும் பழக்கம் இருப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி. அதற்கென்றே அரை லிட்டர் பாட்டில் தனியாக எடுத்துப் போய், அந்தக் குழியின் மேலேயே கழுவுங்கள். எக்காரணம் கொண்டும் ஓடையில் இறங்கிக் கால் கழுவாதீர்கள். அப்புறம் மண்ணைத் தள்ளி மூடி, மிதித்து, மேலே சருகைப் பரப்பிவிடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் ஓடையிலிருந்து தள்ளித்தான். வெறும் பாறையாக இருந்து தோண்டவே முடியாவிட்டால், கெட்டியான பையில் கட்டிக் கொண்டுவருவதுதான் ஒரே வழி. சங்கடம்தான், ஆனாலும் செய்ய முடிகிற காரியம்.

டிஷ்யூ பயன்படுத்தினால் அதைத் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள். சிலர் அங்கேயே கொளுத்துகிறார்கள். அதே குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ எத்தனை வேகமாக ஓடும் என்று அன்று பார்த்தோம். அங்கே தீக்குச்சியே உரசக் கூடாது. ஈரத் துடைப்பான்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை இருக்கும், புதைத்தாலும் மக்காது.

நாப்கினும் அப்படித்தான். வாசனைக்கு விலங்குகள் தோண்டி எடுத்துவிடும் என்பதால் புதைக்கவே வேண்டாம். செய்தித்தாளில் சுற்றி, ஜிப் வைத்த பையில் போட்டு, அதை ஒரு கறுப்புப் பைக்குள் வைத்துவிட்டால் வெளியே தெரியாது, வாடையும் வராது. மாதவிலக்குக் கப் பழகியவர் என்றால் இன்னும் எளிது; அதில் சேரும் ரத்தத்தையும் குழியில் ஊற்றி மூடிவிடலாம். கப்பைத் தொடும் முன்னும் பின்னும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

தனியாகப் போக வேண்டாம். வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, ஒரு தோழியைக் கூப்பிடும் தூரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். காட்டுமாடு இருக்கும் இடம் அது. உட்காரும் முன் கம்பால் புதரையும் சருகையும் தட்டிப் பாருங்கள்.

காலையில் நேரத்தோடு எழுந்து வெந்நீர் குடித்து, போடியிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். அன்றைக்குக் கரண்டியை வெளியே எடுக்க வேண்டிய அவசியமே வராமலும் போகலாம்.