எல்லா டெஸ்டும் நார்மல், ஆனால் நெஞ்சு படபடக்கிறது. மனக்கவலை உடம்பை நிஜமாகவே கெடுக்குமா?

கெடுக்கும். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களையும் யாரோ "சும்மா டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் போல. எனக்கும் அதே கதை. நான் டாக்டர் இல்லை, பட்டதைத்தான் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம், வீட்டிலேயே தையல் வேலை. வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாதம் ஒருமுறை வருவார். 38 வயதில் எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தே வந்தன. ஒருவேளை மாத்திரை விட்டதில்லை, வாயைக் கட்டினேன், இருந்தும் இறங்கவே இல்லை. ஒருநாள் ராத்திரி நெஞ்சு அடித்துக்கொண்டது, ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் எடுத்துவிட்டு "ஒன்றுமில்லம்மா, மனசுதான்" என்றார்கள். மனசில் என்ன என்று யாரும் கேட்கவில்லை, பில் மட்டும் கொடுத்தார்கள்.

கேட்டது மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்கா. (2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், தெரியுமா?) எங்கள் தெருப்பக்கம் வரும்போதெல்லாம் பிரஷர் பார்த்துக் குறித்து வைப்பார். ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, செவ்வாக்கிழமை பாத்தா மட்டும் உனக்கு எகிறுது, என்னா சமாச்சாரம்?" என்றார்.

புதன்கிழமை குழுக் கடன் வசூல். ஒருத்தி கட்டாவிட்டால் மொத்தப் பேரும் உட்கார வேண்டும். அதில் இரண்டாவது கடன் என் தம்பிக்காக எடுத்தது, வீட்டுக்காரருக்குத் தெரியாது. செவ்வாய் ராத்திரி தூக்கம் எங்கே வரும்? அக்காவிடம் அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா அப்புறம் விளக்கினார். பயத்தில் அட்ரினலின், கார்டிசால் சுரக்கும், ஓடித் தப்பிக்கத் தெம்பு வேண்டும் என்று கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், நெஞ்சு வேகமாக அடிக்கும், பிரஷர் ஏறும். நாய் துரத்தினால் அது சரி, ஓடி முடித்தால் அடங்கிவிடும். வாராவாரம் வரும் கடனுக்கு எங்கே ஓடுவது? மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் எழுதிக்கொடுத்தார். பைத்தியக்காரப் பட்டம் கட்டுவார்களோ என்று பயந்தேன், அங்கே வரிசையில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள்! போக முடியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம், டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் அவரே கட்ட ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. அதே சமயம் மாத்திரையையும் மாற்றினார்கள், அதனால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு மனசைச் சரிசெய்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். படபடப்புக்குத் தைராய்டு, ரத்தசோகை பார்த்தாச்சா என்றும் கேளுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் அம்மா. தாய்வீடு பென்னாகரம் பக்கம். முட்டி, இடுப்பு வலி என்று எத்தனையோ வருஷம் அலைந்தார், போன இடமெல்லாம் "கவலையை விடும்மா". கடைசியில் பார்த்தால் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம், அது எலும்பிலேயே ஏறிவிட்டது. எங்கள் தலைமுறைக்குப் பல்லில் பழுப்புக் கறையோடு போயிற்று, அம்மாவுக்கு முதுகே நிமிரவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. அதையும் மோட்டார் ரிப்பேர் என்று போன வாரம் மூன்று நாள் நிறுத்திவிட்டு, அதே போர் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அம்மா குடத்தை வைத்துக்கொண்டு தெருமுனையில் உட்கார்ந்திருந்தாராம்.