பச்சை மண்மேட்டை நம்பலாமா?

கேள்வி: நெய்வேலிப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேடுகளைப் பார்ப்பேன். சின்ன வயதில் மொட்டையாகப் பார்த்தவை இப்போது காடு மாதிரி நிற்கின்றன. மரம் பிடித்துவிட்டால் மேடு சரியவே சரியாது என்கிறார் என் மாமா. சரிதானா?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: மாமா சொல்வது பாதி சரி. புல்லும் மரமும் இருந்தால் மழை மண்ணை நேராக அடிக்காது, மேல்மண் கரைந்து ஓடாது, சரிவில் வாய்க்கால் வாய்க்காலாகக் கீறல் விழாது. ஆனால் வேர் பிடித்து வைப்பது மேலே ஒரு மீட்டர், மிஞ்சினால் இரண்டு மூன்று மீட்டர்தான். ஐம்பது மீட்டர் மேட்டில் பெரிய சரிவு அதற்கு வெகு கீழே கிளம்பும், அப்போது புல், மரம், மரத்தில் கூடு கட்டிய காக்கை எல்லாவற்றையும் சுமந்துகொண்டேதான் இறங்கும்.

மேட்டைச் சரிய வைப்பது பெரும்பாலும் தண்ணீர். கொட்டிய மண் இயற்கையாக இறுகிய மண் அல்ல, உள்ளே இடுக்கு அதிகம். அதில் நீர் ஏறி, வெளியே போக வழியில்லாமல் நின்றால், மண் துகள்களை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளும். பிடிமானம் போய்விடும். வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் நடந்தது இதுதான். நிலக்கரிக் கழிவை ஊற்றுகள் இருந்த இடத்தின் மேலேயே கொட்டிவந்தார்கள், அந்த ஊற்றுகள் வரைபடத்திலேயே இருந்தன. 1966 அக்டோபர் 21 காலை, பல நாள் மழைக்குப் பிறகு ஏழாம் எண் மேடு குழம்பாகிப் பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

நம் நாட்டு நிலக்கரிச் சுரங்க விதிகளும் கொட்டுமேட்டின் சரிவு 37.5 டிகிரியைத் தாண்டக்கூடாது, 30 மீட்டருக்கு மேல் போனால் படிப்படியாக வெட்டி அமைக்க வேண்டும் என்கின்றன. ஆகவே மாமாவிடம் மரத்தை விட்டுவிட்டு, மேட்டுக்கு அடியில் முன்பு ஓடையோ குட்டையோ இருந்ததா, ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: சுரங்க நிலத்தில் மரம் வளர்ந்ததா இல்லையா என்பதைச் செயற்கைக்கோள் படத்தை வைத்தே சொல்லிவிடுகிறார்களாமே? ஏமாற்ற முடியாதா?
- வாசகர், சேலம்

பதில்: ஏமாற்றவே வேண்டாம், நாமே ஏமாந்துவிடுவோம்.

இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்.டி.வி.ஐ. என்ற எண். ஒன்றை நெருங்க நெருங்கப் பச்சை அடர்த்தி. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் பத்து மீட்டர் நுணுக்கத்தில், ஐந்து நாளுக்கு ஒன்று என்று இலவசமாகவே கிடைக்கின்றன. நம் நாட்டில் அரசு நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் திட்ட நிறுவனம் சி.எம்.பி.டி.ஐ. திறந்தவெளிச் சுரங்கங்களின் நில மீட்பை, அதாவது வெட்டிய நிலத்தைச் சீராக்கிப் பசுமையாக்குவதை, இப்படித்தான் செயற்கைக்கோள் வழியாகப் பார்க்கிறது. பெரிய சுரங்கங்களை ஆண்டுதோறும், சின்னவற்றை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை.

ஆனால் போன வருடம் மே மாதம் எடுத்ததையும் இந்த வருடம் ஜனவரியில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பாருங்கள், எவ்வளவு பசுமை" என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள், அது வடகிழக்குப் பருவமழையின் சாதனை. அதே மாதத்துப் படத்தோடுதான் ஒப்பிட வேண்டும், கூடவே பக்கத்தில் சுரங்கம் தொடாத நிலத்தின் எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் இந்த எண்ணுக்குச் சீமைக்கருவேலமும் பச்சை, வேம்பும் பச்சை. தைல மரத்தை மட்டும் வரிசையாக நட்டுவிட்டாலும் எண் அழகாக ஏறும்.

அதனால் கடைசியில் காலால் நடந்துதான் ஆக வேண்டும். பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் கட்டி, நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது, யாரும் நடாமல் தானாக முளைத்த கன்று எத்தனை என்று எண்ண வேண்டும். இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டிப் பழைய சுரங்கத்தின் மண்மேடு இருக்கிறது. அது நகர்கிறதா என்று சாதாரண ஆட்கள் கண்டுபிடிக்க முடியுமா?
- ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்ற வாசகர்

பதில்: ஓரளவு முடியும். மேட்டின் மேல் விளிம்பில், விளிம்புக்கு இணையாக வளைந்த வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடிவாரத்தில் மண் புடைத்திருக்கிறதா, கோடையிலும் ஈரம் காயாத இடம் உண்டா, தெளிவாகக் கசிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா என்றும் பாருங்கள். மரங்களின் அடித்தண்டு வில் மாதிரி வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால், கீழே மண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கலாம்.

வெடிப்பு இருந்தால் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு முளைக்குச்சி அடித்து, இடைவெளியை டேப்பால் அளந்து, தேதியோடும் மழை அளவோடும் நோட்டில் எழுதி வையுங்கள். விரிகிறதா என்பதைவிட, விரிகிற வேகம் கூடுகிறதா என்பதே முக்கியம். இன்று 2 மில்லிமீட்டர், நாளை 3, மறுநாள் 6 என்று போனால் முளையைப் பார்க்கப் போகாதீர்கள், அடிவாரத்தில் இருப்பவர்களை விலக்கிவிட்டு மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பிங்கம் கேன்யன் தாமிரச் சுரங்கத்தில் ரேடார் கருவிகளை வைத்து இதே வேகக் கணக்கைத்தான் பார்த்தார்கள். 2013 ஏப்ரல் 10 அன்று மாபெரும் சரிவு நடந்தபோது உள்ளே ஒருவர்கூட இல்லை, முன்கூட்டியே வெளியேற்றிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேடு பச்சையாக ஆக ஆக அது நகர்வதைப் பார்ப்பது கடினம். புல் வெடிப்பை மூடிவிடும். விண்ணிலிருந்து நிலத்தின் நகர்வை அளக்கும் ரேடாரிலும் குட்டை அலை இலையிலேயே பட்டுத் திரும்பிக் கணக்கு குழம்பும். நீண்ட அலை ஓரளவு இலையைத் தாண்டி இறங்கும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோளில் அப்படிப்பட்ட ரேடார் இருக்கிறது. அதற்காக முளையைப் பிடுங்கிவிட வேண்டாம், செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறைதான் அதே தடத்தில் திரும்பி வரும்.

கேள்வி: சரிவில் என்ன நடலாம்?
- வாசகர், பண்ருட்டி

பதில்: முதலில் புல், பயறு வகைச் செடிகள், பிறகு கலப்பாக நாட்டு மரங்கள். வெட்டிவேரை வரப்பு மாதிரி குறுக்கு வரிசையாக நடலாம், உங்கள் கடலூர் கடலோரத்திலேயே பயிரிடுகிறார்கள். வேர் ஆழமாக நேரே இறங்கும்.

கேள்வி: மரம் நட்ட சுரங்க நிலத்தை எத்தனை வருடம் கண்காணித்தால் போதும்?
- வாசகி, மதுரை

பதில்: அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க நில மீட்புச் சட்டப்படி ஐந்து முழு ஆண்டுகள், ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள இடங்களில் பத்து. இந்தக் கணக்கு செடி நட்ட நாளிலிருந்து ஓடாது. கடைசியாக விதை தூவிய, உரம் போட்ட, தண்ணீர் ஊற்றிய ஆண்டு முடிந்த பிறகுதான் தொடங்கும். எனவே எங்காவது மீட்ட நிலம் என்று காட்டினால், தண்ணீர் லாரி கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டுவிடுங்கள்.